சரித்திரம் படிப்பது வீண் படிப்பா?

(இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் திருவொற்றியூரில் நடந்த கூட்டத்தில் பேசிய பேச்சு)



கல்லூரி திறக்கும் காலத்தில் சங்க அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பலர் நம்மிடம் ஒரே செய்தியைத்தான் சொல்லுகிறார்கள். "பி.காம். கேட்டோம், இல்லை என்றார்கள். கம்ப்யூட்டர் கேட்டோம், இல்லை என்றார்கள். கடைசியில் சரித்திரத்தில்தான் இடம் இருக்கிறது என்றார்கள், சேர்த்துவிட்டு வந்தோம்." ரேஷன் கடையில் அரிசி தீர்ந்துபோய், மிச்சமிருந்த கோதுமையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர் முகத்தில் ஒரு சோர்வு இருக்குமே, அந்தச் சோர்வோடு சொல்லுகிறார்கள்.

ஒரு தாய் இன்னும் நேராகக் கேட்டார்: "ராஜா கதை படித்து என்ன தோழர் ஆகப் போகிறது? மூன்று வருஷம் கழித்து அவன் மறுபடியும் கான்டிராக்ட் ஆளாகத்தானே கேட்டில் நிற்கப் போகிறான்? இப்போதே போனால் மூன்று வருஷக் கூலியாவது வீட்டுக்கு வருமே!"

இந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்ய மாட்டோம். வாடகையும் வட்டியும் கட்டுகிறவர் கேட்கும் கேள்வி இது. எனவே சோற்றுப் பிரச்சினையை முதலில் பேசிவிடுவோம். மற்றதைப் பிறகு பேசுவோம்.

சரித்திரம் படித்தால் வேலை நிச்சயம் என்று பொய் சொல்ல நாம் இங்கே வரவில்லை. ஆனால் எந்தப் படிப்புக்கு இன்று வேலை நிச்சயம்? என்ஜினீயரிங் படித்துவிட்டு, கடன் வாங்கிப் படித்த கடனும் தீராமல், மணலியிலும் எண்ணூரிலும் கான்டிராக்டர் கொடுக்கும் கூலிக்கு நிற்கிற பிள்ளைகளை நீங்களே தினந்தோறும் பார்க்கிறீர்கள். வேலையில்லாமை பாடத்தினால் வருவதல்ல. நிரந்தர வேலையை ஒழித்து எல்லாவற்றையும் கான்டிராக்ட் ஆக்கிய முதலாளித்துவக் கொள்கையால் வருவது. சரித்திரம் படித்த பிள்ளை தமிழ்நாடு தேர்வாணையத்தின் பரீட்சைகள் எழுதலாம். அந்தப் பரீட்சைகளில் சரித்திரமே ஒரு பெரும் பகுதி. பி.எட். முடித்து ஆசிரியராகலாம். சட்டம் படிக்கலாம். தொல்லியல் துறை, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் என்று போகலாம். இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

செலவையும் பாருங்கள். அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வகுப்புகளுக்குக் கல்விக் கட்டணம் 2007-இல் ரத்தாயிற்று. அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-இலும், ஆண் பிள்ளைகளுக்கு அதே தொகை கொடுக்கும் திட்டம் 2024-இலும் தொடங்கின. இவை யாரும் தானமாகக் கொடுத்தவை அல்ல. மாணவர்களும் தொழிலாளர்களும் பல காலம் கேட்டுக் கேட்டு வந்தவை. வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சென்னை மாகாணக் கல்லூரி 1840-இல் வந்தது. சென்னைச் சர்வகலாசாலை 1857-இல் வந்தது. நம் பக்கத்துக்கு ரயில் 1856-லேயே வந்துவிட்டது, பின்னாலேயே மில்லும் துறைமுகமும் வந்தன. ஆனால் பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி வர 1950 ஆயிற்று. பாரதி பெண்கள் கல்லூரி வர 1964 ஆயிற்று. நம் உழைப்பு உடனே தேவைப்பட்டது. நம் பிள்ளைகளின் படிப்புக்கு அவ்வளவு அவசரமில்லை. இத்தனை தாமதமாகத் திறந்த கதவை இரண்டாம் வருஷத்தில் நாமே சாத்திவிட்டு வருவதா?

கஞ்சித் தொட்டி

இப்போது "ராஜா கதை" என்ற விஷயத்துக்கு வருவோம்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் நாம் எங்கே போகிறோம்? ஸ்டான்லிக்கு. நம் பாட்டிமார்கள் அதை ஸ்டான்லி என்று சொல்வதில்லை. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். ஏன் அந்தப் பெயர்? 1780-இல் ஹைதர் அலிக்கும் கும்பினிக்கும் யுத்தம் மூண்டது. கிராமங்கள் பாழாயின, பஞ்சம் வந்தது. பட்டினி ஜனங்கள் சென்னைக்கு ஓடி வந்தார்கள். 1782-இல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்ற பெயரை வெள்ளைக்காரன் வாயில் 'மோனிகர்' என்று திருத்திக்கொண்டான். 1799-இல் அங்கே ஒரு வைத்தியசாலையும் வந்தது. அதுவே வளர்ந்து பிற்காலத்தில் ஒரு கவர்னரின் பெயரால் ஸ்டான்லி ஆயிற்று.

சர்க்கார் பலகையில் கவர்னர் பெயர் இருக்கிறது. பட்டினி கிடந்தவர்களின் நினைவு ஜனங்களின் வாயில் இருக்கிறது. இரண்டும் சரித்திரம்தான். முதலாவதை மட்டும் மனப்பாடம் செய்தால் ராஜா கதை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் அது படிப்பு.

ராயபுரம் ஸ்டேஷனைப் பாருங்கள். 1856 ஜூன் 28-ஆம் தேதி கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார்; ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடிற்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள், என்ன கூலி, எத்தனை பேர் காய்ச்சலில் போனார்கள் என்று கேட்டால் பாடப் புத்தகம் வாய் திறக்காது. பதில் எங்கோ ஒரு பழைய கட்டில், ரயில்வே கம்பெனிக்கும் சர்க்காருக்கும் நடந்த கடிதங்களில் கிடக்கும். அதைத் தேடி எடுக்கத் தெரிந்தவர் வேண்டும்.

அப்படித் தேடி எடுத்ததால் தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லுகிறோம். பக்கிங்ஹாம் கால்வாயை நாம் தினம் தாண்டிப் போகிறோம், மூக்கைப் பிடித்துக்கொண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். அந்தக் காலத்திலும் தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது என்பதுதான் வைசிராய் லிட்டனின் கொள்கை. ஏற்றுமதிக்குத் தடை இல்லை. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று கணக்குப் போட்டார் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி. இதை வைத்துக்கொண்டு மண் வெட்டுகிறவன் உயிரோடு இருக்க முடியாது என்று சுகாதார அதிகாரி கார்னிஷ் எழுத்து மூலம் சண்டை போட்டார். அந்தச் சண்டைக் காகிதங்கள் அழியாமல் இருப்பதால்தான் கூலியின் கணக்கு இன்று நமக்குத் தெரிகிறது. அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை 1877-78-இல் வெட்டியவர்கள் அந்தப் பஞ்சத்து ஜனங்கள். கால்வாய்க்குப் பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுடையது. வெட்டியவன் ஒரு ராத்தல், பெயர் வாங்கியவன் ஒரு பிரபு!

மெரினாவின் மணல்

மீனவத் தோழர்கள் பலர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றாகப் புரியும் விஷயம் ஒன்று.

நம் கரையோரத்தில் கடல் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1875-இல் வேல்ஸ் இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். கடலுக்குள் கல் சுவர்கள் எழும்பின. 1881 புயலில் அவை நொறுங்கியும், திரும்பக் கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கே தங்கிவிட்டது. தெற்கே நாளுக்கு நாள் கரை அகன்றது, அதுதான் மெரினா. 1884-இல் கிராண்ட் டஃப் என்ற கவர்னர் அங்கே உலாவும் பாதை அமைத்துப் பெயர் வைத்தார். வடக்கே மணல் வராததால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் அரித்தது. தெருக்கள் போயின, வீடுகள் போயின, வலை உலர்த்தும் இடம் போயிற்று. பெரியவர்கள் "அதோ, அலை அடிக்கிற இடத்தில் எங்கள் கோயில் இருந்தது" என்று கை காட்டுவது இதைத்தான்.

கடல் மாதா கோபம் என்று நம்மவர்கள் நினைத்தார்கள். பிற்பாடு கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் உட்கார்ந்திருப்பது ஒரு விதத்தில் நம்முடைய மணல்மேல்தான். அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை! ஆனால் 1875-இல் நடந்த ஒரு காரியம் இன்று ஒரு குடும்பத்தின் வீட்டுச் சுவரை இடிக்கிறது என்றால், சரித்திரம் செத்துப்போன விஷயம் என்று எவன் சொல்லுவான்? துறைமுகம் கட்டியது தப்பு என்று நாம் சொல்லவில்லை. அதில் வேலை செய்து பிழைத்தவர்கள் நாம். லாபம் ஒரு பக்கமும் நஷ்டம் ஒரு பக்கமும் எப்படிப் பிரிந்தது என்று கேட்கிறோம். காட்டுப்பள்ளியில் துறைமுகத்தைப் பெரிதாக்குவதைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்தார்களே, அவர்களுக்கு இந்தப் பழைய கணக்கு கையில் இருந்தால் எவ்வளவு பலம்!

சோழர் காலத்துக் கூலியாள்

செங்கல்பட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து இங்கே குடியேறிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் நம்மில் அதிகம். இந்தப் பத்திரிகையை வயல் வேலை முடிந்து வந்து படிக்கிற தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

சோழர் காலம் பொற்காலம் என்று கேட்டிருப்பீர்கள், சினிமாவிலும் பார்த்திருப்பீர்கள். தஞ்சைப் பகுதியில் திருப்பாம்புரம் என்ற ஊர்க் கோயிலில் 1201-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் கெட்டுப்போய், ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்தான் கிடைத்தது. ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு பெண்களும் 110 காசுக்குத் தங்களையே கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டார்கள். கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். நிலத்தோடு தொடர்புள்ள வேளாளருக்கே இந்த கதி என்றால், சேரியில் இருந்தவர்களின் கதியைக் கல்லில் எழுதக்கூட ஆள் இல்லை.

இந்தக் கல்வெட்டை ஊருக்குச் சொன்ன நூல்களில் ஒன்று நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்'. அவர் 1929 முதல் 1947 வரை சென்னைச் சர்வகலாசாலையில் சரித்திரப் பேராசிரியர். சோழ மன்னர்கள்மேல் அவருக்குப் பெரிய அபிமானம்; நம் கருத்துக்காரர் அல்ல. ஆனால் சான்றை மறைக்கவில்லை. அதனால்தான் அவர் புத்தகத்தை வைத்தே அவரோடு வாதாட நம்மால் முடிகிறது. நாணயமான சரித்திர ஆசிரியன் எதிரிக்கும் பயன்படுவான். நாணயமில்லாதவன் சொந்தக் கட்சிக்கே பயன்பட மாட்டான்.

ஜப்பானிலிருந்து நொபொரு கராஷிமா என்றொருவர் வந்தார். 1960-களில் சென்னையில் தங்கித் தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தார். ராஜா யார், போர் எப்போது என்று அவர் அதிகம் கவலைப்படவில்லை. கல்வெட்டுகளில் வரும் சாதாரண ஆட்களின் பெயர்களையெல்லாம் பட்டியல் போட்டு எண்ணினார். யார் நிலத்தை விற்றான், யார் வாங்கினான், எந்த ஊரில் நிலம் ஊர்ப் பொதுவில் இருந்தது, எந்த ஊரில் தனி ஆள் கைக்குப் போயிற்று என்று எண்ணினார். காவிரிக் கரையில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் நிலம் தனியார் கையில் குவிந்துகொண்டு போனதை இந்த எண்ணிக்கையால் காட்டினார். அடுப்பில்லாத வீட்டில் பூனை தூங்கும் கதையாக, நாம் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வந்தபோது கால் வைத்துத் தாண்டிய கல்லை, டோக்கியோவிலிருந்து வந்தவர் உட்கார்ந்து படித்தார். நம் திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் ஏராளம். நம் பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த எழுத்தைப் படிக்கக் கற்றால் போதும், ஊரே வேறு மாதிரித் தெரியும்.

பின்னி மில்லும் புளியந்தோப்பும்

மில் தொழிலாளர் இருக்கும் கூட்டத்தில் பின்னியைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. இவர்கள் பெயரெல்லாம் உங்களுக்குத் தெரியும். 1920-இல் கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய், சங்கத் தலைவர்கள் தொழிலாளர்களிடம் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று தடை வாங்கியது. சங்கம் என்பது சட்டத்தின் கண்ணில் சதிக் கூட்டமாக இருந்த காலம். அந்த வழக்கு கிளப்பிய எதிர்ப்பும் சேர்ந்துதான் 1926-இல் தொழிற்சங்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இன்று நம் சங்கத்தின் பதிவு எண் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று கேட்டால் பதில் பெரம்பூரில் இருக்கிறது. பழைய சட்டங்களை மடித்துப் புதுச் சட்டத் தொகுப்பு செய்த டில்லி சர்க்காருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனால் 1921 என்று ஒரு வருஷம் இருக்கிறது. அதை எழுதும்போது பலருடைய பேனா தடுமாறுகிறது. அந்த வருஷ வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பகுதி வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் தொழிலாளியும் தொழிலாளியும் மோதினார்கள்; குடிசைகள் எரிந்தன. ஆகஸ்டில் போலீஸ் சுட்டது, தொழிலாளர் உயிரிழந்தனர். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. தொழிற்சங்கத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் சிலர் புளியந்தோப்பை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். வெள்ளைக்கார முதலாளி பிரித்தாண்டான் என்று முடித்துவிடுகிறார்கள். பிரித்தாண்டான், உண்மை. ஆனால் பிரிக்கும்படி ஒரு பிளவு முன்பே இருந்ததே, அது ஏன்? சங்கத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிக்கு என்ன இடம் இருந்தது? அவனை நோக்கி மற்றவன் என்ன பேசினான்? எம்.சி. ராஜா அந்தச் சமயத்தில் சொன்னதைப் படியுங்கள், திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியதைப் படியுங்கள், சர்க்கார் கோப்பையும் படியுங்கள். மூன்றும் மூன்று விதமாக இருக்கும். மூன்றையும் நிறுத்துப் பார்க்கிற பழக்கம்தான் கல்லூரியில் சரித்திரம் கொடுக்க வேண்டிய பழக்கம். அந்தப் பழக்கம் இல்லாமல் ஜாதியை ஒழித்த வர்க்க ஒற்றுமை வராது. வெறும் கோஷம்தான் வரும்.

ஏன் அவர்களுக்குப் பயம்?

சரித்திரம் பயனற்ற படிப்பு என்றால், ஆளுகிறவர்கள் ஏன் அதன்மேல் இத்தனை கவனம் செலுத்துகிறார்கள்? 2022-இல் என்.சி.இ.ஆர்.டி. பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லிப் பாடங்களை வெட்டியது. 12-ஆம் வகுப்பில் மொகலாய அரசவையைப் பற்றிய பாடம் போயிற்று என்று பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை நடந்தது. காந்தி கொலையைப் பற்றிய வரிகளும் போயின. ஆனால் நம்மை நேராகத் தொடுகிற ஒரு வெட்டைப் பற்றி அவ்வளவு சத்தம் இல்லை. 11-ஆம் வகுப்பு உலகச் சரித்திரத்தில் தொழிற்புரட்சி என்ற பாடத்தையே எடுத்துவிட்டார்கள்! ஆலை எப்படி வந்தது, கைத்தறிக்காரன் எப்படி மில் கூலியானான், குழந்தைகளை எத்தனை மணி நேரம் வேலை வாங்கினார்கள் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குச் சுமையாம். நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அந்தப் புத்தகம் இல்லை என்பது ஓர் ஆறுதல், அவ்வளவே.

கல்லூரிப் பக்கமும் கை நீண்டது. 2021-இல் பல்கலைக் கழக மானியக் குழு பி.ஏ. சரித்திரத்துக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. முதல் தாளே 'பாரதம் என்னும் கருத்து'. வேதமும் புராணமும் அதில் முன்வரிசை. கீழடியில் தோண்டத் தொடங்கிய அதிகாரியை 2017-இல் மாற்றினார்கள். அவர் 2023-இல் கொடுத்த அறிக்கையை 2025-இல் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பதிலாக நாமும் தமிழன்தான் உலகத்துக்கெல்லாம் மூத்தவன் என்று மார் தட்டத் தொடங்கினால் அதுவும் ராஜா கதைதான். வேறு ராஜா, அவ்வளவுதான். கீழடியில் நெசவுக் கருவிகள் கிடைத்தன. நெய்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்போம்.

எப்படிப் படிப்பது?

தம்பி தங்கைகளுக்குச் சில விஷயங்கள். நாம் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள். கல்லூரிப் பாடம் சொல்லித்தர நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் முப்பது வருஷமாகக் காகிதங்களோடும் கோர்ட்டோடும் மல்லுக்கட்டியதில் சில தெரியும்.

கைடு புத்தகத்தை நம்பாதீர்கள். வருஷமும் பெயரும் பரீட்சைக்கு வேண்டும், மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் "இதை யார் எழுதி வைத்தான், அவனுக்கு என்ன லாபம்?" என்று ஒரு கேள்வி போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் பாடம் கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ் வழியில் பட்டப் படிப்பு தொடங்கியபோது, தமிழில் சரித்திரம் நடத்த முடியுமா என்று கேலி பேசினவர்கள் உண்டு. நடந்தது. அதே சமயம் ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள். நம்மைச் சுட்ட உத்தரவுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதைப் படிக்க நமக்குத் தெரிய வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்திலிருந்து காகிதங்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பேராசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு, பட்டம் முடிவதற்குள் ஒரு தடவையாவது போய் ஒரு கட்டைப் பிரித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் ஈ.பி. தாம்ப்சன் என்பவர் யார்க்‌ஷயர் பகுதியில் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு நடத்தினார். அந்த வகுப்புகளை நடத்திக்கொண்டே எழுதிய புத்தகம் 1963-இல் வந்தது: ஆங்கிலத் தொழிலாளி வர்க்கம் உருவான கதை. தோற்றுப்போன நெசவாளிகளையும், இயந்திரத்தை உடைத்தவர்களையும் முட்டாள்கள் என்று தள்ளாமல் அவர்கள் எழுதிய கடிதங்களையே தேடிப் படித்தார். 1956-இல் கட்சியை விட்டுப் போனவர்தான் அவர். அதற்காக அந்தப் புத்தகத்தை ஒதுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

காகிதம் இல்லையென்றால்?

வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்து எரித்தார்கள். கேட்டது அரைப்படி கூலி உயர்வு. 1973-இல் ஹைகோர்ட் மிராசுதாரர்களை விடுதலை செய்தது. பெரிய நிலச் சொந்தக்காரர்கள் தாமே போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற சந்தேகம் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நூறு வருஷம் கழித்து ஒரு மாணவன் வெறும் கோர்ட் காகிதத்தை மட்டும் படித்தால் என்ன முடிவுக்கு வருவான்? நல்லவேளை, சம்பவம் நடந்த கொஞ்ச நாளில் மைதிலி சிவராமன் அங்கே போனார், ஜனங்களைக் கேட்டார், எழுதினார். அந்த எழுத்து இருக்கிறது. செங்கொடிச் சங்கத்தின் பழைய காகிதங்கள் இருக்கின்றன. இல்லாவிட்டால் தீர்ப்பே சரித்திரமாகியிருக்கும்.

நம் எண்ணூரில் 2023 டிசம்பரில், புயல் மழையோடு முகத்துவாரம் முழுவதும் எண்ணெய் படர்ந்தது. படகும் வலையும் கறுத்தன, பல நாள் தொழில் இல்லை. அதைப் பற்றிய சர்க்கார் அறிக்கை கோப்பில் இருக்கும், கம்பெனி வக்கீலின் பதில் கோப்பில் இருக்கும். வலை இழந்தவர் வாய்ச்சொல் எங்கே இருக்கிறது? பின்னி மில் 1996-இல் மூடினது. அதில் வேலை செய்தவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள்? அவர்கள் போகும்போது ஒவ்வொருவரோடும் ஓர் ஆவணக் காப்பகம் போகிறது.

ஆகவே ஒரு வேலைத் திட்டத்தோடு முடிக்கிறோம். சரித்திரத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் வாரம் ஒரு பெரியவரைப் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், தீப்பெட்டித் தொழிற்சாலையில் இருந்தவர், உப்பளத்தில் வேலை செய்த அம்மா, யாராயிருந்தாலும் சரி. செல்போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். அவர் சம்மதம் கேட்டுச் செய்யுங்கள். பேச்சுக்கு நடுவே குறுக்கிடாதீர்கள். "எப்படி இருந்தது?" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்காதீர்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அதில் அரிசி எவ்வளவு வாங்கினீர்கள், காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அடுத்த மெஷினில் நின்றவர் யார் என்று கேளுங்கள். ஆண்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். வேலைநிறுத்தத்தின்போது அடுப்பு எப்படி எரிந்தது என்பது பெண்களுக்குத்தான் தெரியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேலை. பழைய கூலிச் சீட்டு, கேட் பாஸ், சங்கச் சந்தா ரசீது, லாக்-அவுட் நோட்டீஸ், சஸ்பெண்டு ஆர்டர், பொதுக்கூட்டத் துண்டுப் பிரசுரம், குரூப் போட்டோ எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். போட்டோ பின்புறத்தில் இருப்பவர்கள் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பிரிக்க முயற்சி செய்யாமல் அப்படியே எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே கொடுத்துவிடுவோம். எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு, யார் வீட்டிலிருந்து வந்தது என்று எழுதி வைக்கும் பொறுப்பை முதல் வருஷம் சேர்ந்திருக்கும் இரண்டு தங்கைகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது, பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். சங்க அலுவலகம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை 10 மணி முதல் திறந்திருக்கும்.